சுட்டுவிரல் உரிமை

ஊசியேந்தல்காரர்களைப் பற்றி வெளியூர்களில் சொல்லிச் சிரிக்கிற எதையும் நம்ப வேண்டாம். உள்ளே நடப்பதில் கால்வாசிகூட வெளியே வருவதில்லை. நான் சொல்லப்போவது துப்பாக்கி சங்கதி மட்டும். மற்றதையெல்லாம் சொன்னால் எனக்கு அந்த ஊரில் தண்ணீர் கிடைக்காது.

அந்த ஊரில் பங்குனித் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. மற்ற ஊர்களில் கொடியை அசைத்துப் பந்தயத்தைத் தொடங்குவார்கள். ஊசியேந்தலில் துப்பாக்கி வெடிக்க வேண்டும். எப்போதோ ஒரு ஜமீன்தார் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய ரிவால்வர் அது. தோட்டாவில் குண்டு இருக்காது, சத்தத்துக்கு மருந்து மட்டும் இருக்கும். அதை வெடிக்கிற உரிமை உடையப்பன் குடும்பத்துக்கு. குடும்பத்துக்கு என்று சொல்வதுகூடத் தப்பு. அந்தக் குடும்பத்து மூத்த ஆண்பிள்ளையின் வலதுகைச் சுட்டுவிரலுக்கு. வெடிப்பதற்கு முன்னால் அந்த ஒரு விரலுக்கு மட்டும் பூசாரி சந்தனம் பூசுவார். வெடித்த பிறகு, விரலில் கட்ட முடியாது என்பதால், கோயில் பரிவட்டத்தை விரலுக்குச் சொந்தக்காரர் தலையில் கட்டுவார்.

உடையப்பன் வீட்டுச் சுவரில் வரிசையாக ஆணி அடித்துப் பரிவட்டங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தாத்தா வாங்கியவை பழுப்பேறிக் கிடந்தன, அப்பா வாங்கியவை மங்கியிருந்தன, உடையப்பன் வாங்கியவற்றில் இன்னும் சரிகை மின்னியது. கடைசி ஆணி மட்டும் வெறுமனே நின்றது. அந்த ஆணியைப் பார்த்தால் உடையப்பனுக்குச் சோறு இறங்காது. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார். ஆணி முதுகைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். போன வருஷம் மாடுகள் கோட்டில் வந்து நின்றன. பூசாரி சந்தனம் பூசினார். உடையப்பன் துப்பாக்கியை வானத்துக்கு நீட்டி விசையை இழுத்தார். விசை வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். துப்பாக்கிதான் கையோடு கீழே இறங்கி வந்தது, விசை இருந்த இடத்தில் இருந்தது. பந்தயமாடுகள் காத்திருந்து அலுத்துப்போய் அசைபோட ஆரம்பித்தன. ஒரு ஜோடி நுகத்தடியோடு படுத்தேவிட்டது. அந்த நேரம் பார்த்து, வெயிலில் சாத்தியிருந்த ஒரு சைக்கிளின் டயர் வெடித்தது. மாடுகள் அரக்கப்பரக்க எழுந்து ஓட, பந்தயம் நடந்து முடிந்துவிட்டது.

சைக்கிள் பக்கத்து ஊர் பெரியகரிசல் வயிரவனுடையது. வயிரவன் வேறு யாருமில்லை, உடையப்பன் மனைவி அழகுமீனாளின் அண்ணன்.

எந்தச் சத்தத்துக்கு மாடுகள் ஓடுகின்றனவோ அந்தச் சத்தத்துக்குத்தான் பரிவட்டம் என்பது ஊர் வழக்கம். ஆகவே பந்தயக் கமிட்டி கூடி, சைக்கிளுக்குக் கட்டுவதா வயிரவனுக்குக் கட்டுவதா என்று வெகுநேரம் யோசித்து, சைக்கிளுக்குத் தலை எது என்று தெரியாததால் வயிரவனுக்குக் கட்டியது. வழக்கம் அதோடு நிற்கவில்லை. அடுத்த வருஷமும் அதே ஆளின் சத்தத்துக்கு மாடுகள் ஓடினால் உரிமை பரம்பரையாக அவருக்கே போய்விடும். வயிரவன் அன்றிலிருந்து தினமும் சைக்கிளைக் கழுவி, பின்சக்கரத்துக்குச் சந்தனம் வைக்கத் தொடங்கினார்.

அழகுமீனாள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிவட்டம் புருஷன் தலையில் இருந்தாலும் அண்ணன் தலையில் இருந்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாள். உடையப்பனுக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. வெறும் ஆணியைத் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார்.

மாசி பிறந்ததும் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நான்கு பேர். தலைவர் வெள்ளைக்கண்ணு. எவ்வளவு நேரமானாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்பதால் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். அடுத்தவர் சோணமுத்து, சந்தேகம் கேட்பவர். மூன்றாமவர் ஆவுடைநாதன், யாராவது பேசி முடிப்பதற்குள் செய்து முடிப்பவர். நான்காமவர் உடையப்பன், விரல் இருப்பதால் இருப்பவர்.

"கோளாறு துப்பாக்கியிலயா விரல்லயா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றார் வெள்ளைக்கண்ணு.

"அதுக்கு முந்தின வருசம் வெடிச்சுச்சே. அப்ப துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான்" என்றார் சோணமுத்து.

"விரலும் அதே விரல்தாண்ணே" என்றார் உடையப்பன்.

"விரலுக்கு ஒரு வயசு கூடியிருக்கும்ல" என்றார் சோணமுத்து.

"துப்பாக்கிக்கும் கூடியிருக்குமே."

"அது எப்படிக் கூடும்? வருசம் பூரா அது பெட்டிக்குள்ள படுத்துக் கெடக்கு. நீயானா வேலை செஞ்சுக்கிட்டு அலையிறே."

உடையப்பன் தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். விரலில்தான் கோளாறு என்று தீர்மானமாயிற்று. விரலைத் தேற்ற நாட்டுக்கோழி ரசம் கொடுக்கச் சொன்னார் தலைவர். சோணமுத்துவுக்கு அங்கேயும் சந்தேகம் வந்தது. வயிற்றுக்குள் போகிற சத்து எல்லா விரலுக்கும் பிரிந்து போகுமே, கைவிரல் பத்து, கால்விரல் பத்து, சுட்டுவிரலுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆவுடைநாதன் உடனே எழுந்து போய் நூல்கண்டு கொண்டுவந்து, மற்ற விரல்களையெல்லாம் அடியில் இறுக்கிக் கட்டினார். சத்து வேறு எங்கேயும் போகாமல் சுட்டுவிரலுக்கே வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

உடையப்பன் ரசத்தைக் குடித்துவிட்டுச் சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்தபோது அழகுமீனாள் பார்த்துவிட்டாள். கமிட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து நூலையெல்லாம் வெட்டிப் போட்டாள். சேர்த்துவைத்த சத்தெல்லாம் வீணாகப் போயிற்றே என்று உடையப்பனுக்கு அன்றைக்கெல்லாம் மனசு ஆறவில்லை.

பிறகு விரலுக்கு இழுக்கும் பழக்கம் கொடுத்தார்கள். ஒற்றை விரலால் வாளியை இழுத்தார், கதவை இழுத்தார். கடைசியில் ஆவுடைநாதன் தன் மயிலைக்காளையின் கயிற்றை அந்த விரலில் மாட்டிவிட்டு, நீயும் இழு, மாடும் இழுக்கட்டும் என்றார். மாடு இழுத்தது. உடையப்பன் கண்மாய் வரைக்கும் போய், கண்மாய்க்குள்ளும் கொஞ்சம் போய்விட்டு வந்தார். விரல் ஒரு நெல்லளவு நீண்டிருந்தது. அன்று மாலை துப்பாக்கியை எடுத்து இழுத்துப் பார்த்தார்கள். விசை அசையவில்லை. நீண்ட விரல் விசையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

துப்பாக்கிக்கு ஒன்று என்றால் துப்பாக்கி பார்க்கிறவரிடம் போகாமல் மாட்டிடம் எதற்குப் போனீர்கள் என்று கேட்டாள் அழகுமீனாள். அதுவும் சரிதான் என்று நான்கு பேரும் மதுரைக்கு பஸ் ஏறினார்கள். துப்பாக்கி பழுது பார்க்கும் ராவுத்தர் கடையைத் தேடிப் பிடித்து, உடையப்பனின் விரலை மேசைமேல் வைத்தார்கள். ராவுத்தர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துப்பாக்கி எங்கே என்று கேட்டார். கோளாறு விரலில் என்பதால் அதை மட்டும் கொண்டுவந்தோம் என்றார் வெள்ளைக்கண்ணு. ராவுத்தர் பொறுமைசாலி. மறுநாள் துப்பாக்கியோடு வரச் சொன்னார்.

மறுநாள் துப்பாக்கியையும் கொண்டுபோனார்கள். கிளம்பும்போது விரலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டோமா என்று சோணமுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ராவுத்தர் துப்பாக்கியைப் பார்த்ததும் சிரித்தார். உள்ளே ஸ்பிரிங் ரொம்ப அழுத்தமாக இருக்கிறது, எண்ணெய் வேறு காய்ந்து பிசினாகியிருக்கிறது, அதனால்தான் விசை இவ்வளவு கனம் என்றார். பிறகு தோட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியின் பின்னால் சுத்தியல்போல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பெருவிரலால் பின்னுக்குத் தள்ளினார். அது டக்கென்று உட்கார்ந்தது. அப்புறம் சுட்டுவிரலை விசைமேல் லேசாக வைத்தார். சுத்தி பட்டென்று அடித்தது.

"இம்புட்டுத்தான். மொதல்ல பெருவிரலால சுத்தியைச் சாய்ச்சுக்கிட்டா, விசை பூவாட்டம் வரும்" என்றார் ராவுத்தர்.

நான்கு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு அவர்கள் முகம் ஒவ்வொன்றாக வாடியது.

"பெருவிரலுக்கு உரிமை கெடையாதே" என்றார் வெள்ளைக்கண்ணு.

"அதுவும் இவரு விரல்தானய்யா" என்றார் ராவுத்தர்.

"என் விரல்தான், இல்லேங்கலை" என்றார் உடையப்பன். "ஆனா ஜமீன்தார் சுட்டுவிரலுக்குத்தான் குடுத்துட்டுப் போனாரு. இன்னைக்குப் பெருவிரலை உள்ள விட்டா, நாளைக்கு அது சந்தனம் கேக்கும்."

"அது பெரிய விரல் வேற. தனக்குத்தான் மொதல்ல பூசணும்னு நிக்கும்" என்றார் ஆவுடைநாதன்.

"அப்படிப் பாத்தா, பெருவிரலுக்கு ஏற்கெனவே பத்திரத்துல ரேகை வைக்கிற உத்தியோகம் இருக்கு" என்றார் சோணமுத்து. "ஒரே ஆளுக்கு ரெண்டு உத்தியோகம் குடுக்கிறது நல்லதில்லே."

வெள்ளைக்கண்ணு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, பெருவிரல் வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். உடையப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. தன் பெருவிரலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

ராவுத்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை. சரி, சுட்டுவிரலை மட்டும் வைத்து இழுக்க வேண்டுமென்றால் சில யோசனைகள் சொல்கிறேன், அப்படியே செய்யுங்கள் என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம். பாவம், அவருக்கு ஊசியேந்தலைத் தெரியாது.

முதல் யோசனை, தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவைக்க வேண்டும். இரண்டாவது, தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழல்மேல் ஒரு காசை வைத்து, காசு விழாமல் விசையை இழுத்துப் பழக வேண்டும். கை ஆடாமல் இருக்க அதுதான் வழி. மூன்றாவதைச் சொல்லும்போது ராவுத்தர் உடையப்பனின் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

"இப்ப வெடிக்கும், இப்ப வெடிக்கும்னு நெனச்சுக்கிட்டே இழுத்தா கை உதறிப்போகும். மெதுவா, ஒரே சீரா இழுத்துக்கிட்டே இருங்க. வெடிக்கப் போகுதுன்னு உங்களுக்கே தெரியக் கூடாது. வெடிச்சதும் நீங்களே திடுக்கிடணும். அதுதான் சுடுறது."

உடையப்பன் இதை மந்திரம்போல் வாங்கிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

துப்பாக்கியை ஒரு மண்சட்டியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ராவுத்தர் நன்றாக ஊறவைக்கச் சொல்லியிருந்தார். ஊறிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று சோணமுத்து கேட்டார். உளுந்துக்குப் பார்ப்பது போலத்தான் என்றார் ஆவுடைநாதன். பொழுதுக்கொரு தடவை நால்வரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, துப்பாக்கியை எடுத்து, நகத்தால் அழுத்திப் பார்த்தார்கள்.

"இன்னும் ஊறலைண்ணே. நடுவுல அரிசிப்பதமா இருக்கு" என்பார் ஆவுடைநாதன்.

இப்படியே மாசி போய்ப் பங்குனி வந்துவிட்டது. இரும்பு மசியவில்லை. நகங்கள்தான் மசிந்தன. பழைய துப்பாக்கி, முற்றிப்போயிருக்கும், இதற்குமேல் ஊறாது என்று தலைவர் சொன்னதால் வெளியே எடுத்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே இருந்த பிசினெல்லாம் கரைந்து, விசை இப்போது கொஞ்சம் அசைந்தது. உடையப்பன் சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்துச் சிரித்தார். போன பங்குனிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்தது காசு. துப்பாக்கிக் குழல்மேல் காசை வைத்து இழுத்தார். காசு விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. காசு விழக் கூடாது என்பதுதானே ராவுத்தர் சொன்னது. ஆவுடைநாதன் கருவேலம்பிசினைக் காய்ச்சிக் காசைத் துப்பாக்கியோடு ஒட்டிவிட்டார். அதற்கப்புறம் உடையப்பன் கையை எப்படி ஆட்டினாலும் காசு விழவில்லை. துப்பாக்கியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள், விழவில்லை. இவ்வளவு சீக்கிரம் பழகிவிடும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார் உடையப்பன்.

மூன்றாவதுதான் பெரிய பாடாகிவிட்டது.

"வெடிக்கப் போகுதுன்னு உனக்கே தெரியக் கூடாதுன்னு சொன்னாருல்ல. தெரியுமா தெரியாதா?" என்று கேட்டார் வெள்ளைக்கண்ணு.

"பந்தயம்னா வெடிக்கணும்னு தெரியுதேண்ணே" என்றார் உடையப்பன்.

"அப்பப் பந்தயம் நடக்குறதே உனக்குத் தெரியக் கூடாது."

"பந்தயம் நடக்குறது எனக்குத் தெரியுமே."

"இப்பத் தெரியும். இனிமே தெரியாது" என்றார் சோணமுத்து.

அன்றிலிருந்து ஊரே உடையப்பனிடமிருந்து பந்தயத்தை மறைத்தது. அவரும் மற்ற மூன்று பேரையும்விட மும்முரமாக ஒத்துழைத்தார். தெருவில் யாராவது மாடு என்றால் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். பந்தய நோட்டீஸ்களை அச்சடித்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஒட்டினார்கள். தண்டோராக்காரர் உடையப்பன் தெருவுக்கு வரும்போது மட்டும், "வெள்ளிக்கிழமை நம்ம ஊர்ல மாட்டுவண்டிப் பந்தயம் இல்லை" என்று கொட்டி அறிவித்துவிட்டுப் போனார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை அழகுமீனாள் அவருக்குச் சட்டை துவைத்துக்கொண்டே, நாளன்னைக்குப் பந்தயத்துக்கு வெள்ளைச் சட்டையா சந்தனக் கலரா என்று கேட்டுவிட்டாள். உடையப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விசை இளகியது, காசு ஒட்டியது, எல்லாம் கூடிவந்த நேரத்தில் பெண்டாட்டி வாயால் குடும்பத்து உரிமை கெட்டதே என்று அழுதார். கமிட்டி ஓடிவந்தது. தெரிந்துபோன ஒன்றைத் தெரியாததாக்குவது எப்படி என்று மத்தியானம் முழுக்க யோசித்தார்கள். கடைசியில் வெள்ளைக்கண்ணு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உடையப்பா, வெள்ளிக்கிழமை கல்யாணம்" என்றார்.

"யாருக்குண்ணே?"

"அது உனக்குத் தெரிய வேண்டாம்."

உடையப்பனுக்கு மனசு லேசாயிற்று. வியாழக்கிழமை முழுவதும், வெள்ளிக்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். சாயங்காலத்துக்குள் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று அழகுமீனாளிடம் விசாரித்தார். அவள் எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சோணமுத்துவுக்குக் கடைசி சந்தேகமும் வந்தது. மாடுகள் கோட்டில் நிற்பதைப் பார்த்தால் உடையப்பனுக்குப் பந்தயம் என்று தெரிந்துவிடாதா? தலைவர் திடுக்கிட்டுப்போனார். உடனே வண்டிகளையும் மாடுகளையும் ஓட்டுபவர்களையும் ஊருக்கு அப்பால் கண்மாய்க்கரைக்கு அனுப்பிவைத்தார். துப்பாக்கி வெடித்த பிறகு அவர்களைக் கூட்டிவந்தால் போதும். வெடித்துவிட்ட பிறகு உடையப்பனுக்குத் தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது அல்லவா.

பந்தயச் சாலையின் இரண்டு பக்கமும் சனம் நின்றது. கல்யாண வீட்டில் பேசுவது போலப் பேசச் சொல்லியிருந்ததால், சாம்பாரில் உப்புக் குறைவு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயிரவன் சைக்கிளோடு வந்திருந்தார். பின்சக்கரத்தில் காற்றைத் திணித்து, டயர் பலாக்காய் மாதிரி புடைத்திருந்தது. வெயில் நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்து, கோட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க மச்சான். கல்யாணத்துக்கா?" என்றார் உடையப்பன்.

"ஆமா மாப்பிள்ளை. கல்யாணத்துக்குத்தான்" என்றார் வயிரவன், டயரைப் பார்த்துக்கொண்டே.

பூசாரி வந்து சுட்டுவிரலுக்குச் சந்தனம் பூசினார். எல்லோருக்கும் சந்தனம் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று உடையப்பன் நினைத்துக்கொண்டார். ஆவுடைநாதன் துண்டு போர்த்திய ஒரு சாமானை அவர் கையில் கொடுத்தார். விசை மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னதுண்ணே இது?"

"பாக்குவெட்டி. மேல பாத்தாப்புல பிடிச்சுக்க. மெதுவா இழு."

உடையப்பன் பாக்குவெட்டியை வானத்தைப் பார்த்துப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். மெதுவாக, ஒரே சீராக இழுத்தார். விசை இன்னும் கனம்தான். ஆனால் நகர்ந்தது. மத்தியான நிழல் நகர்கிற மாதிரி நகர்ந்தது. சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். வயிரவனின் டயர் வெயிலில் கிறீச்சென்று முனகியது. உடையப்பனுக்கு வியர்த்தது. பாக்கு ரொம்பக் கெட்டி என்று நினைத்தார். அப்போது எங்கிருந்தோ அந்த வெறும் ஆணி ஞாபகத்துக்கு வந்தது. கல்யாண வீட்டில் ஆணி ஏன் ஞாபகத்துக்கு வருகிறது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடித்தது.

அந்தக் குடும்பத்தில் எத்தனையோ சுட்டுவிரல்கள் சுட்டிருக்கின்றன. ராவுத்தர் சொன்னபடி திடுக்கிட்டது இந்த ஒன்றுதான். உடையப்பன் நின்ற இடத்தில் ஒரு முழம் எகிறினார். கீழே வந்தபோது கால்கள் ஓட ஆரம்பித்திருந்தன. துப்பாக்கியைப் போட்டுவிட்டு, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பந்தயச் சாலையில் நேராக ஓடினார். காதோரம் வெடித்ததில் வயிரவனும் சைக்கிளைப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்திலேயே ஓடினார். இருவரும் தோளோடு தோள் உரச எல்லைக்கல் வரைக்கும் போய், அங்கே நின்றவர்கள் பழக்கதோஷத்தில் கம்பை ஓங்கியதால் கல்லைச் சுற்றித் திரும்பி, அதே வேகத்தில் கோட்டுக்கு வந்து விழுந்தார்கள். டயர் அப்படியே இருந்தது.

பூசாரி பரிவட்டத்தை உடையப்பன் தலையில் கட்டினார். உடையப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே பரிவட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணம் யாருக்கு என்று அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பந்தயம்தான் என்று வெள்ளைக்கண்ணு காதில் சொன்னார். அவருக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. ஆணியும் உரிமையும் தப்பித்தன. அதைப் பார்த்து வயிரவனுக்கே மனசு இளகி, துண்டால் மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மாடுகளைக் கூட்டிவர ஆவுடைநாதன் கிளம்பினார். தலைவர் கையமர்த்தினார்.

"எதுக்கு? துப்பாக்கி வெடிச்சுச்சு. எல்லைக்கல்லைச் சுத்தி வந்தாச்சு. பந்தயம் முடிஞ்சுபோச்சே" என்றார்.

ஆவுடைநாதன் போன காலோடு திரும்பிவிட்டார். பரிசு தயாராக இருந்தது. கழுத்தில் கட்டுகிற வெண்கல மணி ஒரு ஜோடி, ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டை. ஆனால் பெரியமாட்டுப் பந்தயத்துப் பரிசா, சின்னமாட்டுப் பந்தயத்துப் பரிசா என்று சோணமுத்து கேட்டார். மாட்டுக்கு அதை வயசை வைத்து, பல்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உடையப்பனையும் வயிரவனையும் வாயைத் திறக்கச் சொல்லி, ஆவுடைநாதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். இருவருக்கும் பல் எல்லாம் முளைத்து, ஒன்றிரண்டு விழுந்தும்விட்டது. பெரியமாடு என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது.

அழகுமீனாள் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, புருஷனையும் அண்ணனையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பருத்திக்கொட்டை மூட்டையை மட்டும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தலைவர் இரண்டு மணிகளையும் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் கட்டவில்லை. ஜோடியில் வலத்துமாடு எது, இடத்துமாடு எது என்று தெரியாமல் மணி கட்டுவது வழக்கமில்லை. வயிரவன் பெருந்தன்மையாக, தனக்கு எந்தப் பக்கம் என்றாலும் சம்மதம், மாப்பிள்ளை சொல்வதுதான் என்றார்.

உடையப்பன் சந்தனம் காயாத விரலை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"உரிமை வலதுகையில இருக்கு மச்சான். நான்தான் வலத்துமாடு. அதுல மட்டும் விட்டுக்குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, மணிக்குக் கழுத்தை நீட்டினார்.